மைபெலினின் மீதி மருந்து

இது பொய் என்பவர்கள் எங்கள் ஊர் சான் பெத்ரோ சூலாவுக்கு வந்து, மத்தியானம் மூன்று பத்துக்கு எங்கள் தெருவில் காதைத் தீட்டிக்கொண்டு உட்காரட்டும். பக்கத்து நிதியா வீட்டில் நடந்தது அத்தனையும் எனக்குத் தெரியும். நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அவள் அடுப்பில் பீன்ஸ் அடிப்பிடித்தால், அவளுக்கு முன்னால் எனக்கு வாசனை வந்துவிடும்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆன்டிபயாட்டிக் சிரப். ஏழு நாள் கொடுக்கச் சொல்வார்கள். மூன்றாம் நாள் பிள்ளை ஓட ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டு, மிச்சத்தை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடுவோம். பெரிய தர்மம் செய்த நினைப்பு.

வியாழக்கிழமை நிதியாவின் மூன்று வயது மகன் ஒஸ்மினுக்குக் காய்ச்சல். என் ஃபிரிட்ஜில் அரை பாட்டில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். லேபிளில் பேனாவால் 'மைபெலின்' என்று எழுதியிருந்தது.

"இது யாரு பேருக்கா?"

"யாரோ. பேரு பாத்தா மருந்து வேலை செய்யுது? ஊத்து புள்ளைக்கு."

வெள்ளி. மூன்று பத்து. வெயிலில் தெருவே தூங்கிக்கொண்டிருந்தது.

டொக்... டொக்...

முழங்கால் உயரத்தில்.

நிதியா கதவைத் திறந்தாள். நாலு வயதுப் பெண் குழந்தை. கொதிக்கிற சிமென்டில் வெறுங்கால். புறங்கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி.

"அத்தே, எம் மருந்து மிச்சம் இருக்கா?"

"எந்த வீட்டுப் பொண்ணுடி நீ? ஓடு, கால் வெந்துடப் போகுது!"

நிதியா உள்ளே வந்தாள். கழுவிக் கவிழ்த்த மருந்து ஸ்பூன் நிமிர்ந்து கிடந்தது. ஈரமாக.

"நம்ம தெருவுக்குப் புதுசா யாராச்சும் குடி வந்திருக்காங்களாக்கா?" என்று தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

புதுப் பூனை வந்தாலே எனக்குத் தெரியும். யாரும் வரவில்லை.

சனிக்கிழமை காய்ச்சல் விட்டது. ஒஸ்மின் சோளரொட்டியைப் பாதி தின்று, பாதியை நாய்க்கு வீசினான். நிதியா மருந்தை நிறுத்தினாள்.

ஞாயிறு, மூன்று பத்து. டொக்... டொக்...

"நிறுத்திட்டீங்களா அத்தே?"

அதே பெண் குழந்தை. அழுதுகொண்டிருந்தது.

திங்கள் விடியும்போது ஒஸ்மின் அனலாய்க் கொதித்தான். ஆஸ்பத்திரி. ஊசி மாற்றி ஊசி.

"ரத்தத்துல கிருமிம்மா," என்றார் டாக்டர். "எந்த மருந்துக்கும் அடங்க மாட்டேங்குது."

புதன். மூன்று ஐந்து.

கட்டில் காலில்... டொக்... டொக்...

ஒஸ்மின் கண் திறந்தான். கட்டிலுக்கு அடியில் பார்த்தான்.

"அம்மா... அவளுக்கு ஒரு ஸ்பூன் குடு."

நிதியா பையிலிருந்த வெறும் ஸ்பூனைக் கீழே நீட்டினாள்.

யாரோ பிடித்தார்கள்.

விட்டார்கள்.

மணி மூன்று பத்து. ஒஸ்மின் மூச்சு நின்றிருந்தது.

அடக்கம் முடிந்ததும், சும்மா இருக்க முடியாத நான் அந்த பாட்டில் வந்த வழியே போனேன். எனக்குக் கொடுத்தவள் தெல்மி. தெல்மிக்குக் கொடுத்தது அவளுடைய சித்தி மகள். மைபெலினின் அம்மா.

மூன்றாம் நாள் நிறுத்தியிருக்கிறாள். மிச்சத்தைக் கொடுத்த மறுவாரம் குழந்தை போய்விட்டது. அதே வார்டு. மூன்று பத்து.

அவளாகச் சொன்னாள்.

"செருப்ப ஆஸ்பத்திரியிலயே மறந்துட்டோம்க்கா. வெறுங்காலோடதான் புதைச்சோம்."

இப்போது நிதியா தினமும் மூன்று மணிக்குக் கதவைத் திறந்து வைத்து, மடியில் புது பாட்டிலோடு உட்கார்ந்திருக்கிறாள். யாரும் வருவதில்லை.

தட்டுவது என் கதவை.

முழங்கால் உயரத்தில் ஒரு சத்தம். அதற்கும் கொஞ்சம் கீழே இன்னொன்று.

நிதியாவுக்குக் கேட்பதில்லை. ஊரையே வாயில் போட்டு மெல்லுகிற நான், இதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.