ஆறு கட்டைக் குரல்

கழுத்தில் கட்டி வந்தது. ஒரு பக்கம் மட்டும், எலுமிச்சை அளவு. வலி இல்லை. வெட்டி எடுக்க வேண்டும் என்றார்கள்.

டாக்டர் சீனப் பெண்மணி. மலாய் மொழியில் பேசினார். குரலுக்குப் போகிற நரம்பு கட்டியை ஒட்டியே ஓடுகிறது, கவனமாகத்தான் செய்வோம், ஆனாலும் குரல் கொஞ்சம் மாறலாம் என்றார். பேச்சுக்கு ஒன்றும் ஆகாதாம். "பாடுவீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். ஆமாம் என்றால் அவர் முகம் எப்படி மாறுமோ என்று பயம்.

நான் பாடுகிறவள். படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. பாக்டரியில் லைனில் உட்கார்ந்து வேலை. எனக்கென்று இருந்தது குரல் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை கோயிலில் பெண்கள் பஜனை பாடுவோம். ஆர்மோனியக்காரர் ஒவ்வொருத்தியிடமும் எத்தனை கட்டை என்று கேட்பார். சுருதியை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்று அர்த்தம். நாலு என்பார்கள், நாலரை என்பார்கள். என்னிடம் கேட்க மாட்டார். ஆறில் கையை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்.

ஆபரேஷன் முடிந்தது. பேச்சு வந்தது. பாடிப் பார்க்கவில்லை. கோயிலுக்குப் போனால் வாசலோடு கும்பிட்டுத் திரும்பிவிடுவேன். தையல் இழுக்கிறது என்று சொல்வேன். தையல் ஆறி மாதக்கணக்காயிற்று. பாடிப் பார்க்காத வரைக்கும் குரல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அப்படி இருந்தேன்.

தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. பினாங்கில் எங்கே பார்த்தாலும் கரோக்கே. சீனப் பாட்டுக்கும் மலாய்ப் பாட்டுக்கும் டிஸ்க் இருந்தது, எழுத்து திரையில் ஓடும். தமிழுக்கு அவ்வளவாக இல்லை. குரல் இல்லாமல் இசை மட்டும் பதிந்த கேசட் பினாங்கு ஸ்ட்ரீட் கடையில் கிடைக்கும். அதை வாங்கி வீட்டில் பழகி, அதையே கொண்டுபோய் மேடையில் கொடுக்க வேண்டும்.

பாக்டரித் தமிழர்கள் சேர்ந்து, எல்லாரையும் கூப்பிட்டுச் சாப்பாடு போடுகிற தீபாவளி திறந்த இல்லம் வைத்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் ஜுருவில் ஒரு மண்டபம், ஞாயிறு பகலில். பெண்களுக்குக் கரோக்கே போட்டி. நன்றாகப் பாடுகிறவர்கள் மட்டும், கஷ்டமான பாட்டு மட்டும் என்று சட்டம். பரிசு ரைஸ் குக்கர். லைனில் என் பக்கத்தில் உட்காருகிறவள் என்னைக் கேட்காமலேயே என் பேரைக் கொடுத்துவிட்டாள்.

"அக்கா, போன வருஷம் கீழ் லைன்காரி தூக்கிட்டுப் போனா. இந்த வாட்டி விடக்கூடாதுலா."

"என்னால முடியாது."

"உங்களாலயா? நீங்க தும்மினாக்கூட சுருதியிலதான் தும்முவீங்க."

லைனே சிரித்தது. நானும் சிரித்தேன். காலரை இழுத்துத் தழும்பை மறைத்தேன்.

கேசட் வாங்கினேன். பழைய சினிமாப் பாட்டு. மெதுவாகத் தொடங்கும். கடைசிச் சரணத்தில் குரல் ஏறி, ஏறின இடத்திலேயே நின்று, மூச்சு விடாமல் இறங்க வேண்டும். முன்பெல்லாம் சமைத்துக்கொண்டே பாடுவேன். வீட்டுக்காரரிடம் போட்டி பற்றிச் சொல்லவில்லை. சும்மா கேட்கத்தான் வாங்கினேன் என்றேன். அவர் ஜுருவில் கார்ப் பட்டறையில் காடி ரிப்பேர் பார்க்கிறவர். அன்றைக்குக் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ரேடியோவில் கேசட்டைப் போட்டுப் பாடினேன். கடைசிச் சரணத்தில் ஏறினேன். குரல் கிழிந்தது. பழைய துணியைக் கிழிக்கிற சத்தம். அப்புறம் காற்றுதான் வந்தது. ரேடியோவை அடைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன்.

இரண்டு மூன்று நாள் ரேடியோப் பக்கமே போகவில்லை. பேரை எடுத்துவிட வேண்டும், அதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை என்று போட்டேன். ஏறினேன். குரல் நின்றது. திரும்பவும் போட்டேன். திரும்பவும் நின்றது. சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

பாட்டு கொஞ்சம் மெதுவாக ஓடுகிற மாதிரி இருந்தது. மூச்சு அதிகம் பிடித்தது. அவரிடம் கேட்டேன்.

"ரேடியோ மெதுவா ஓடுதோ?"

"சூடாயிருக்கும்லா. பழசுதானே."

ஐஸ் பெட்டி மேல் சின்ன ஸ்குரூ டிரைவர் ஒன்று கிடந்தது. எடுத்து டிராயரில் போட்டேன். மேலே ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் வந்த குரல் போய்விடும் என்று இருந்தது.

அப்புறம்தான் போட்டி பற்றிச் சொன்னேன். அவர் சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது.

"வேணாமே."

"ஏன்? அதான் வருதே."

"வீட்டுல பாடுறது போதும்லா."

எனக்குக் கோபம். என்மேல் நம்பிக்கை இல்லை என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கடல் தாண்டப் பெரிக் கப்பல் ஏறிப் போனோம். மண்டபம் நிறைந்திருந்தது. மிஷின் வைத்திருந்தவர் ஒரு முஸ்லிம் அண்ணன். அவர் மிஷினில் ஒரு திருகு இருந்தது. அதைத் திருப்பினால் பாட்டின் வேகம் மாறாமல் சுருதி மட்டும் இறங்கும். எனக்கு முன்னால் பாடியவள் இறக்கச் சொன்னாள். பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான்.

"அக்கா, இன்னும் இறக்குங்க, கிணத்துல தண்ணி தெரியுது!"

ஒரே சிரிப்பு. எங்களுக்குள் அது பெரிய அவமானம். நன்றாகப் பாடுகிறவள் இறக்கச் சொல்ல மாட்டாள். இறக்கினால் மார்க்கும் போகும். அந்தப் பெண் தலை குனிந்தபடி இறங்கினாள். கீழ் லைன்காரி ஏற்கெனவே பாடி முடித்து, கையைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் இருந்தாள்.

என்னைக் கூப்பிட்டார்கள். கேசட்டைக் கொடுத்தேன். மைக் குளிர்ந்திருந்தது.

இசை வந்தது. அது என் பாட்டு இல்லை. வேகமாக வந்தது, உயர்ந்த சுருதியில் வந்தது. கேசட் மாறிவிட்டதா என்று மிஷினைப் பார்த்தேன். என் கேசட்தான். மிஷின் சரியாகத்தான் ஓடுகிறது. வீட்டில்தான் மெதுவாக ஓடி, சுருதியும் இறங்கியிருக்கிறது.

பல்லவி பாடினேன். பாடி முடித்ததும் அவரைத் தேடினேன். கதவுப் பக்கம் நின்றிருந்தார். எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள், அவர் தரையைப் பார்க்கிறார். ஐஸ் பெட்டி மேல் கிடந்த ஸ்குரூ டிரைவர் ஞாபகம் வந்தது. புரிந்தது.

முதல் சரணம் போனது. நடுச் சரணம் போனது. வாய் பாடுகிறது, மனசு கடைசிச் சரணத்தில் நிற்கிறது. அந்தச் சத்தம் மைக்கில் எப்படிக் கேட்கும்? ஸ்பீக்கர் இரண்டும் பீரோ அளவு. இத்தனை பேர் முன்னால் கிழிந்தால் அதற்கப்புறம் நான் யார்? கோயிலில் எங்கே உட்காருவேன்? மைக்கை வைத்துவிட்டு ஓடலாம். கால் வரவில்லை.

கடைசிச் சரணத்துக்கு முன்னால் வீணை வரும். அது தொடங்கியது.

"அண்ணே, இறக்குங்க" என்றேன். மைக்கிலேயே சொன்னேன். மண்டபம் முழுக்கக் கேட்டது.

மிஷின்காரர் நிமிர்ந்து பார்த்தார். "இப்பவாம்மா? பாட்டு ஓடுதே!"

"இப்பத்தான்."

திருப்பினார். வீணை ஒரு படி இறங்கியது. வீட்டில் கேட்ட உயரம் காதில் இருந்தது. அந்த அளவுக்கு இன்னும் இறங்கவில்லை.

"இன்னும்."

"கிணறு ரெடி!" என்று அதே ஆள் கத்தினான். சிரித்தார்கள். லைன்காரிகள் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் உட்காருகிறவள் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

இன்னொரு படி இறங்கியது. "போதும்" என்றேன்.

ஏறினேன். அந்த இடத்தில் நின்றேன். கண்ணை மூடவில்லை. மூடினால் விழுந்துவிடுவேன் போல் இருந்தது. குரல் கிழியவில்லை. மூச்சு விடாமல் இறங்கினேன். யார் கை தட்டினார்கள், யார் தட்டவில்லை என்று தெரியாது. குக்கரைக் கீழ் லைன்காரி தூக்கிக்கொண்டு போனாள்.

பெரியில் திரும்பும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"நான்தான் ரேடியோ மோட்டர் ஸ்குரூவைத் திருகினேன்" என்றார்.

"தெரியும்."

"அன்னிக்கு நீ கழுவின பாத்திரத்தையே கழுவிக்கிட்டு இருந்தே. பார்க்க முடியலை. வீட்டுல பாடிக்கிட்டு இருக்கட்டும்னுதான். நீ போட்டிக்குக் கிளம்புவேன்னு நினைக்கலை. அப்புறம் சொல்லப் பயமாயிடுச்சு."

நான் தண்ணீரைப் பார்த்தேன். எனக்கு மட்டும்தான் பயம் என்று நினைத்திருந்தேன்.

"திருப்பிச் சரி பண்ணிடவா?"

"பண்ணுங்க."

அன்றைக்குச் சாயங்காலமே பண்ணினார். கேசட்டைப் போட்டேன். வேகமாக ஓடியது. பாடவில்லை. உட்கார்ந்து முழுசாகக் கேட்டேன். அந்த இடம் வந்தது, போனது. அது எவ்வளவு உயரம் என்று அப்போதுதான் சரியாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். வாசலோடு திரும்பவில்லை. பழைய இடத்தில் போய் உட்கார்ந்தேன். ஆர்மோனியக்காரருக்குச் சந்தோஷம். ஒன்றும் கேட்காமல் ஆறில் கையை வைத்து என் முகத்தைப் பார்த்தார்.

மேடையைவிட இங்கேதான் பயம் அதிகம். அங்கே சிரித்தவன் யாரோ. இங்கே எல்லாரும் என்னைத் தெரிந்தவர்கள்.

"அஞ்சு" என்றேன்.

"அஞ்சா?"

பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். சேலைத் தலைப்பால் கழுத்துத் தழும்பை மூடிக்கொண்டேன்.

"அஞ்சுதான் அண்ணே."

அவர் கையை நகர்த்தினார். காற்று ஆர்மோனியத்துக்குள் போகிற சத்தம் கேட்டது. வாயைத் திறந்தேன்.