குளத்து இறாலின் குடலைப் பார்க்கக் கழக்கூட்டம் வரை

நாகர்கோவிலுக்குத் தெற்கே காயலோரம் எனக்கும் மச்சான் முருகேசனுக்கும் ஓர் இறால் குளம் உண்டு. போன ஆடியில், குஞ்சு விட்ட இருபத்திரண்டாம் நாள், தட்டில் வைத்த தீனி அப்படியே கிடந்தது. அடியில் செத்த குஞ்சுகள். தண்ணீரைச் சோதித்ததில் குறை தெரியவில்லை. கழக்கூட்டத்தில் இறால் நோயைச் சோதிக்கும் ஓர் ஆய்வகம் இருப்பதாகக் கேள்விப்பட்டுக் கிளம்பினேன்.

ஆக்சிஜன் நிரப்பிய பையில் முப்பது குஞ்சுகள், அதைச் சுற்றித் தெர்மகோல் பெட்டி. காலை 6.30 ரயில், 8.15க்குத் திருவனந்தபுரம். (கழக்கூட்டத்தில் நிற்கும் ரயில்களும் உண்டு. நான் விசாரிக்கவில்லை.) அங்கிருந்து ஆட்டோவில் பதினாறு கிலோமீட்டர், நானூறு ரூபாய்.

"பெட்டியில எந்தா சேட்டா, மீனா?" என்றார் ஓட்டுநர்.

"இறால் குஞ்சு. டாக்டர்கிட்ட காட்டப் போறேன்."

அவர் சிரிக்கவில்லை. வேகத்தடைகளில் மெதுவாகவே ஏறி இறங்கினார்.

ஆய்வகத்தில் இருந்த அகிலா, திருவனந்தபுரம் கோட்டைப் பக்கத்துத் தமிழ்க்காரர். நுண்ணோக்கியில் என்னையும் பார்க்கச் சொன்னார். கறுப்புக் கோடாக நிறைந்திருக்க வேண்டிய குடல் வெறுமையாக இருந்தது. ஈரல் வெளுத்துச் சுருங்கியிருந்தது.

"குடல்ல பாக்டீரியா எப்பவும் உண்டு. நல்லதோட இடத்தைக் கெட்டது பிடிச்சிருக்கான்னு நாளைக்குத் தெரியும்."

திருவனந்தபுரம் ரயில் நிலையத்தருகே பழவங்காடியில் தொள்ளாயிரம் ரூபாய்க்கு அறை எடுத்துத் தங்கினேன். மறுநாள் பத்து மணிக்குப் போனபோது, பாக்டீரியாவை வளர்த்த தட்டு முழுக்கப் பச்சைப் புள்ளிகள், கெட்டதன் அடையாளம். மரபணுச் சோதனையும் அதையே உறுதி செய்திருந்தது. ஈரலைக் கரைக்கும் நஞ்சைச் சுரக்கிற வகை.

"ஆன்டிபயாடிக் போட்டா?"

"வேண்டாம், பிரயோஜனமில்லை. மடையைத் திறக்காதேங்கோ, கேட்டேளா? ப்ளீச்சிங் போட்டு, தண்ணியை அப்படியே நிறுத்தணும்."

வாசலுக்கு வந்து முருகேசனுக்குப் போன் செய்தேன். குளத்தை வற்ற விட, மடையருகில்தான் நின்றிருந்தான்.

"திறக்காத. தண்ணி நேரே பக்கத்துல தாஸண்ணன் குளத்துக்குத்தான் போவும்."

"நமக்கு எங்கேருந்து வந்துதாம்? எவனாவது சொன்னானா?"

திறக்காதே என்று மட்டும் திரும்பச் சொன்னேன். பட்டென்று போனை வைத்தான். ஆனால் திறக்கவில்லை.

ஊர் திரும்பியதும் ப்ளீச்சிங் போட்டு, உயிரோடு இருந்த குஞ்சுகளையும் சேர்த்துத்தான் கொன்றோம். அன்று மாலையே பக்கத்துக் குளத்துக்காரர் தாஸண்ணனிடம் போய் நடந்ததைச் சொன்னேன். எங்கள் குளத்து நோயை நானே வாயால் சொல்வது கூச்சமாகத்தான் இருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: செத்ததைக் கொண்டுபோகாதீர்கள், அது அழுகலைத்தான் காட்டும். சோர்ந்து நீந்துவதை உயிரோடு பிடியுங்கள். இரண்டு நாள் ஒதுக்குங்கள். முடிவு வரும்வரை மடை மூடியிருக்கட்டும்.

தாஸண்ணன் நான்காம் நாள் வந்து ஆய்வகத்துக்கு வழி கேட்டார். கேட்டுக்கொண்டு, தன் குளத்திலும் தீனி மிஞ்சி ஒரு வாரமாகிறது என்றார்.