யூலியானாவின் இரண்டு குரல்கள்

போன கிழமை மல்வேர்னில் ஒரு கடையில் கராம்புப் பைக்கற்றை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற மகளுக்கு வெட்கமாய்ப் போயிற்று. எனக்கோ யூலியானா நினைவில் வந்துவிட்டாள். அவள் தேத்தண்ணியில் கராம்பு போடுகிறவள்.

படிக்கிற காலத்தில் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ட் அறையில் இரண்டு பேரும் இருந்தோம். இந்தோனேசியாவில் திமோர் தீவு அவளுடைய ஊர். நாங்கள் பேசியது ஆங்கிலம்தான். ஆனாலும் என் காதில் அவள் இப்போது யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறாள், என்ன செய்ய?

ஒருநாள் கேட்டாள்: "அம்மாவோட கதைக்கேக்க 'ஓம்' எண்டுறாய். உன்ர வகுப்புப் பிள்ளையளோட 'ஆமா' எண்டுறாய். ஏன்?"

தமிழ்நாட்டிலிருந்து வந்த தோழி ஒருத்தி, "என்ன, மந்திரம் சொல்றீங்களா?" என்று சிரித்த கதையைச் சொன்னேன். மறுநாளே நான் 'ஆமா'வுக்கு மாறிவிட்ட வீராங்கனை.

யூலியானா சிரிக்கவில்லை. ஜாவாவில் பல்கலைக்கழகத்துக்குப் போன புதிதில் விரிவுரையாளர் ஏதோ கேட்க, "பேத்தா சோண்டே தாவ்" என்றாளாம். 'எனக்குத் தெரியாது' என்பதற்கு அவளூர்ப் பேச்சு. வகுப்பே சிரித்தது. "இந்தோனேசிய மொழியில சொல்லும்," என்றார் அவர்.

"நான் அதிலதான் சொன்னனான் எண்டு நினைச்சன்," என்றாள்.

அதன்பிறகு அரையாண்டு வகுப்பில் அவள் வாய் திறக்கவில்லை. பதில் தெரிந்தும் கை தூக்கவில்லை. அறையில் வானொலிச் செய்தியைப் போட்டு, வாசிப்பவரோடு சேர்ந்து சொல்லிச் சொல்லிப் பழகினாள். கடைசியில் கருத்தரங்கில் ஒரு பிழையுமில்லாமல் பேசினாள். கைதட்டினார்கள். அந்தச் சந்தோசத்தில், அதே மொழியிலேயே வீட்டுக்குப் போன் பண்ணினாள்.

மறுமுனையில் தாய் பதறிப் போனாராம். "டீச்சர், என்ர பிள்ளைக்கு ஏதும் நடந்திட்டுதோ?"

"பிறகு?" என்றேன்.

"'அம்மா, நான்தான்' எண்டு எங்கட பேச்சில சொன்னன். அவ அழுதிட்டா."

ஞாயிறு காலைகளில் ரெலிபோன் அட்டையைச் சுரண்டி, அதிலுள்ள இலக்கத்தை அடித்துத் தாயோடு கதைப்பாள். அப்போது குரல் உயரும், வேகம் பிடிக்கும், இடையிடையே வெடித்துச் சிரிப்பாள். ஒரு சொல்லும் விளங்காமல் போர்வைக்குள் கிடந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

நாங்கள் இருந்த அந்த வீட்டை இடித்து இருபது மாடி கட்டிவிட்டார்கள். யூலியானா இப்போது ஜாவாவில் படிப்பிக்கிறாள். தாய் இறந்து மூன்று வருடம். அந்த ஞாயிற்றுக்கிழமைக் குரலில் அவள் கதைக்க இப்போது ஒருவரும் இல்லையாம்.