கைராசிக்கார அங்கிள்

எனக்குக் கைராசி இருக்கிறது என்று ஒரு வாரம் முழுக்க நம்பினேன். ஐம்பது தாண்டிய வயதில்... ராசிபலன் பக்கத்தைக் கேலி செய்து எழுதியே பாதிக் காலத்தை ஓட்டியவன் நம்பினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

எல்லாம் என் கம்ப்யூட்டரில் ஆரம்பித்தது.

எங்கள் வீட்டு வைஃபை ஒரு தனிப்பிறவி. ரவுட்டர் கீழே கூடத்தில், கம்ப்யூட்டர் மாடியில். காற்றடித்தால் போகும், காற்று நின்றாலும் போகும். மிக்ஸி ஓடினால் போகும் — சட்னி ஆறிப்போன பிறகும் திரும்பாது. கம்ப்யூட்டரின் வைஃபை மேலேயே சந்தேகம் வந்து, கட்டைவிரல் அளவில் ஒரு யுஎஸ்பி வைஃபையும் வாங்கிச் செருகினேன். ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு வைஃபை! இரண்டும் மாறி மாறிப் படுத்துக்கொண்டன.

இன்டர்நெட்டில் யாரோ ஒரு புண்ணியவான் வழி சொல்லியிருந்தார். வைஃபை அடிக்கடி அறுந்தால், எந்தப் பக்கம் போவது என்று கம்ப்யூட்டர் தடுமாறுமாம். 'இந்த வழியாகத்தான் போகணும்' என்று நாமே பாதையைப் போட்டுவிட வேண்டுமாம். ஸ்டாட்டிக் ரூட் என்று பெயர். அதற்கு கேட்வே எண், அதாவது வெளியே போகும் வாசலின் எண் வேண்டும். என் திரையில் இரண்டு வாசல்கள் தெரிந்தன. எண்கள் அச்சு அசல் ஒன்றுபோலவே இருந்தன. ஒரே வித்தியாசம் — ஒன்றில் சைபர் இருந்த இடத்தில் இன்னொன்றில் ஒன்று.

எதைப் போடுவது? சைபரைவிட ஒன்று மேல் இல்லையா? போட்டேன். நிரந்தரம் என்று அர்த்தம் வரும் ஓர் எழுத்தையும் கூடவே தட்டினேன்.

அற்புதம் நடந்தது. நெட் பறந்தது. மிக்ஸி ஓடியது, நெட்டும் ஓடியது! என் மனைவி பத்மா, "பரவால்லையே" என்றாள். எங்கள் வீட்டில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. அந்தத் தெம்பில், சேர்த்துவைத்திருந்த குடும்பப் போட்டோக்கள் அத்தனையையும் கிளவுடில் ஏற்றத் தொடங்கினேன்.

இந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு ஜமால் பாய் வந்தார். ஹார்டுவேர் கடைக்காரர்; ஒரத்தநாடு பக்கம் கொஞ்சம் நிலமும் உண்டு. முகம் வாடியிருந்தது.

"நம்ம நஸ்ரினுக்கு ஆன்லைன்ல இன்டர்வியூ சார். பாதியில நெட்டு போயிருச்சு."

மகள் நஸ்ரின் பின்னாலேயே வந்தாள். "பாதியில எங்க அத்தா? என் பேரைத்தான் கேட்டாங்க. பதில் சொல்றதுக்குள்ள போயிருச்சு. சொந்தப் பேரே தெரியாத பொண்ணுன்னு நினைச்சிருப்பாங்க."

நல்ல கம்பெனிதான் போலிருக்கிறது. வியாழக்கிழமை இன்னொரு வாய்ப்பு தருகிறோம், அதுவும் தவறினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள்.

"வீட்ல இருந்தே பாக்குற வேலை சார்," என்றார் பாய். "இது போச்சுன்னா புள்ளை சென்னைக்குத்தான் கெளம்பணும்." மொபைலை நம்பலாமென்றால், எங்கள் தெருவில் சிக்னல் வேண்டுபவர் மொட்டைமாடியில் வெயில் காய வேண்டும்.

நான் இருக்கும்போது கவலை எதற்கு? கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு நிபுணனாகக் கிளம்பினேன். அவர்கள் ரவுட்டரை லேசாகத் தட்டினேன். ஆன்டெனாவைத் திருகினேன். 'ம்ம்ம்...' என்றேன். நெட் பிய்த்துக்கொண்டு ஓடியது! டீயும் சமோசாவும் வந்தன.

வீடு திரும்பி கம்ப்யூட்டரைப் போட்டு, போட்டோ ஏற்றத் தொடங்கினேன். சற்று நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல். "சார்... மறுபடி போயிருச்சு!"

போனேன். வந்துவிட்டது. திரும்பினேன். போய்விட்டது. அடுத்த முறை அவர்கள் கேட்டில் கை வைத்ததுமே, "வந்துருச்சு, வந்துருச்சு!" என்று உள்ளே சத்தம்.

"சார் கைராசிக்காரருங்க," என்றார் பாயின் மனைவி மும்தாஜ்.

"வியாழக்கெழமை நீங்க இங்கயே உக்காந்துருங்க சார். பிரியாணி போட்டுருவோம்," என்றார் பாய். பெரிய மனது பண்ணி ஒப்புக்கொண்டேன். வீட்டுக்கு வந்து என் உள்ளங்கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்ததை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

நஸ்ரினுக்கு மட்டும் என் கையில் நம்பிக்கை இல்லை. புதன்கிழமை நான் போய் உட்கார்ந்ததும், "அங்கிள், கோச்சுக்காதீங்க. வீட்டுக்குப் போங்க," என்றாள்.

"ஏம்மா?"

"போய் எதையும் தொடாம சும்மா உக்காருங்க."

உட்கார்ந்தேன். நெட் போகவில்லை! எனக்கு லேசாக வருத்தம்கூட வந்தது. "இப்ப எப்பவும் பண்றதைப் பண்ணுங்க அங்கிள்!" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினாள். கம்ப்யூட்டரைப் போட்டு, போட்டோ ஏற்றினேன்.

"போயிருச்சூ!"

நெட் போனதற்கு ஒருவர் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் கேட்டதே இல்லை.

மாடிக்கே ஓடி வந்தாள். "எங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி என்ன பண்ணுவீங்க?"

"கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணுவேன். சட்டையை மாட்டுவேன். வருவேன்."

"சட்டையில ஒண்ணுமில்ல அங்கிள். தள்ளுங்க."

உட்கார்ந்து நாலு தட்டு தட்டினாள். "இந்த ரூட்டை யார் போட்டது?"

"நான்தாம்மா," என்றேன், கல்லணையைக் கட்டியவன் தொனியில்.

"இது எங்க வீட்டு ரவுட்டர்!"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன தீபாவளிக்கு எங்கள் நெட் படுத்தபோது ஜமால் பாய் தானாக வந்து பாஸ்வேர்டு கொடுத்தார்; யுஎஸ்பியில்தான் போட்டுக்கொண்டேன். நான் மறந்துவிட்டேன். கட்டைவிரல் அளவு யுஎஸ்பி மறக்கவில்லை. சைபர் எங்கள் வாசல். நான் தேர்ந்தெடுத்த ஒன்று, பாய் வீட்டு வாசல். நஸ்ரினிடம் பெயர் கேட்ட நேரத்தில், என் மச்சினன் மகனின் மொட்டையும் காதுகுத்தும் அவர்கள் லைனை அடைத்துக்கொண்டு ஊர்வலம் போய்க்கொண்டிருந்திருக்கின்றன.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணா இந்த ரூட் போயிருக்கணுமேம்மா?"

"நிரந்தரம்னு போட்டுருக்கீங்களே அங்கிள்!"

விஷயம் கேட்ட ஜமால் பாய் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. "எங்க வயக்காட்டுல அடுத்தவன் தண்ணிக்கு மடையை வெட்டுனா மம்பட்டியைத் தூக்கிட்டு வருவாங்க சார். நீங்க மடையையும் வெட்டிப்புட்டு, தண்ணி ஏன் வரலைன்னு எங்க வயல்லயே வந்து நின்னு பாக்குறீங்க. கூட டீ வேற!"

நஸ்ரின் ரூட்டை அழித்தாள். யுஎஸ்பியைப் பிடுங்கி என் கையில் கொடுத்தாள். கீழே இறங்கிப் போய், "ரவுட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னாடி யார் வெச்சது?" என்று கேட்டாள். நான் ஜன்னல் வழியாகத் தென்னை மரத்தைப் பார்த்தேன்.

யோசித்துப் பார்க்கிறேன். ஆபீஸிலும் வீட்டிலும் கைராசிக்காரர் என்று பெயர் வாங்கியவர்கள் எத்தனை பேர் என் மாதிரியோ? கொடுக்கிற தொல்லையைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கிறார்கள்... ஊர் கும்பிடுகிறது!

வியாழக்கிழமை எங்கள் கம்ப்யூட்டரின் பிளக்கை உருவிக் கையிலேயே வைத்துக்கொண்டாள் பத்மா. ராசியில்லாத கையோடு பாய் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். பாய் கடைக்குப் போகவில்லை. மும்தாஜ் அடுப்படிக்கும் அறைக் கதவுக்குமாக நடந்தார். மூடிய கதவுக்குப் பின்னால் நஸ்ரினின் குரல் அறுபடாமல் வந்தது. நடுவில் பலர் சேர்ந்து சிரிக்கும் சத்தம். இன்டர்வியூவில் எதற்குச் சிரிக்கிறார்கள்? பாய் என்னைப் பார்த்தார். நான் ரவுட்டரைப் பார்த்தேன் — தொடவில்லை.

அடுத்த வாரம் நஸ்ரின் அல்வாவோடு வந்தாள். வேலை கிடைத்துவிட்டது! நெட்வொர்க் சப்போர்ட். வீட்டிலிருந்தே.

"பெருசா ஒண்ணும் கேக்கலை அங்கிள். 'சமீபத்துல நீங்களா கண்டுபிடிச்சு சரி பண்ண பிரச்சினை ஒண்ணு சொல்லுங்க'ன்னாங்க..."

அல்வாத் தட்டைக் கீழே வைத்தேன். "என் பேரைச் சொல்லிட்டியாம்மா?"

"சேச்சே! 'பக்கத்து வீட்ல ஒரு வயசான அங்கிள்'னு மட்டும்தான் சொன்னேன்."

அல்வாவை வாயில் போட்டுக்கொண்டே பத்மா சொன்னாள்: "நீ மறைச்சு என்ன பிரயோஜனம் கண்ணு? இவரே பேரு போட்டு எழுதிருவாரு."