சொல்ல வேண்டியதும் சொல்லிவிட்டதும்

என்னால் உயிர் பிழைத்த ஒரு பெண் என்னை இன்றுவரை மன்னிக்கவில்லை. அவள் மன்னிக்காததில் தவறும் இல்லை.

படூரில் ஒரு தனியார் கல்லூரியில் வாரம் இரண்டு நாள் கவுன்சிலராக இருந்தேன். அங்கே லேப் அசிஸ்டென்டாக வேலை பார்த்தவள் கலா. பெயரை மாற்றியிருக்கிறேன். இருபத்து நாலு வயது. சொந்த ஊர் செய்யூர் பக்கம். வேலைக்காக அக்கா வீட்டில் தங்கியிருந்தாள்.

எல்லாரிடமும் முதல் நாள் சொல்வதை அவளிடமும் சொன்னேன். "இங்க பேசுறது வெளிய போகாது. உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் ஒருத்தர்கிட்ட சொல்லுவேன்."

அக்காவின் கணவன் தன்னிடம் தவறாக நடந்துகொள்வதை நாலாவது செஷனில்தான் சொன்னாள். போலீசுக்குப் போகலாம், கூட வருகிறேன் என்றேன். மறுத்துவிட்டாள். ஆறாவது செஷனில், சாக முடிவு செய்துவிட்டதாகச் சொன்னாள். நாளும் குறித்திருந்தாள்.

"அப்பாவக் கூப்பிடணும்மா" என்றேன்.

"கூப்டுங்க மேடம். மாமா விஷயம் மட்டும் வேணாம். அத நான்தான் சொல்லணும்."

சரி என்றேன்.

அப்பா இரண்டு பஸ் மாறி வந்தார். சவுக்கு மரம் வெட்டப் போகிறவர். கலாவை வெளியே நர்ஸோடு உட்காரவைத்துவிட்டு அவரிடம் பேசினேன். தனியாக விடக் கூடாது, இன்றைக்கே மனநல டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றேன்.

"இன்னாத்துக்கும்மா சாவணும்ன்றா? இன்னா கொற வச்சோம்?" என்று அழுதார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "டாக்டராண்ட காட்டிட்டு அக்கா வூட்லயே வுட்டுட்டுப் போறேன். மாப்ள தங்கமானவரு. பாத்துக்குவாரு."

பதறிவிட்டேன். 'அங்கே வேண்டாம், உங்களோடு கூட்டிப் போங்கள், காரணத்தை அவளே சொல்வாள்' என்று நிறுத்தியிருக்கலாம். எழுந்து போய் அவளையே கேட்டிருக்கலாம். கதவுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தாள். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவளைச் செங்கல்பட்டில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, அவர் நேராகப் பெரிய மகள் வீட்டுக்குப் போய்த் தெருவே கேட்கச் சண்டை போட்டார். அக்கா நம்பவில்லை. தங்கை தன் குடும்பத்தைக் கெடுக்கப் பார்க்கிறாள் என்று சொல்லி, பிறந்த வீட்டு உறவையே அறுத்துக்கொண்டாள். மாப்பிள்ளை எப்போதும்போல வேலைக்குப் போய்வந்தான். வேலையை விட்டது கலாதான்.

என் சீனியரிடம் போய்ச் சொன்னேன். "ரிஸ்க்கச் சொல்றது உன் டியூட்டி. மீதியச் சொல்ல யாரு கன்சென்ட் குடுத்தா?" என்றார். ஆனால் கல்லூரியில் எனக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள்.

சில மாதம் கழித்துக் கலா ஒரே ஒரு முறை வந்தாள். உட்காரவில்லை.

"உயிரோடதான் கீறேன் மேடம். அதுக்கு தேங்க்ஸ். அக்காகிட்ட நானே சொல்லியிருந்தா, என் மூஞ்சப் பாத்தாச்சும் நம்பியிருப்பா. அந்த சான்ஸையும் நீங்க எடுத்துக்கினீங்க. இனிமே யாராண்டயும் எதையும் சொல்ல மாட்டேன்."

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். உயிருக்கு ஆபத்து என்றால் வாயைத் திறக்கத் தயங்காதீர்கள். ஆனால் எது வரைக்கும் சொல்வது என்பதை, ஆளைக் கூப்பிடுவதற்கு முன்பே, அவர்களோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். ஆபத்தைச் சொல்லும் உரிமைதான் நமக்கு உண்டு. அவர்களுக்கு நடந்ததைச் சொல்லும் உரிமை அவர்களுடையது.