மூன்று வரிசை வெட்டிவேர்

ஓடைச் சரிவில் மண்ணை விரலால் கிளறிக்கொண்டே போனாள் செல்வலட்சுமி. ஒரு முழம் கிளறியும் அறுந்த வேர்நுனிகள்தான் அகப்பட்டன. முளைக்கிற தூர் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"அங்கன ஒண்ணும் இருக்காதுடி, சுத்தமா எடுத்தாச்சு" என்றாள் பின்னால் வந்து நின்ற குருவம்மாள். குரலில் பெருமை இருந்தது. "அறுத்துவிட்டா மறுபடி மொளைச்சுரும்னு வேரோட தோண்டிட்டோம். போர்மேன் செந்தூர்பாண்டி அண்ணனே மம்பட்டி பிடிச்சாருன்னா பாத்துக்கோயேன்."

செல்வலட்சுமி இன்னும் ஒரு சாண் தள்ளிக் கிளறினாள்.

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடித்து ஐந்து நாளாகிறது. அதில் உயிர் போனவர்களில் ஒருத்தி பாண்டிச்செல்வி, செல்வலட்சுமியின் தங்கை. எங்காவது வெடித்தால் மறுநாளே சுற்றிலும் உள்ள கம்பெனிகளில் புல் வெட்டத் தொடங்கிவிடுவார்கள். காய்ந்த புல்லில் பொறி விழுந்தால் அறைக்கு அறை தீ ஓடும். அதிகாரிகள் வந்ததும் முதலில் பார்ப்பது தரையைத்தான். சாத்தூருக்குக் கிழக்கே இருக்கும் இந்தக் கம்பெனியில் புல் வெட்டுவது செல்வலட்சுமியின் வேலை. அவள் இழவு வீட்டில் இருந்தாள். அவளுக்காக மற்றவர்கள் வெட்டினார்கள்.

ஓடைச் சரிவில் இருந்த வெட்டிவேர் தானாக முளைத்ததில்லை, அவள் நட்டது, அறைகளை விட்டு வெகுதூரம் தள்ளி இருந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத் தோன்றவில்லை. புல் புல்தான்.

பன்னிரண்டு வருஷம் வெடிமருந்து கலக்கும் அறையில் இருந்தவள். மூச்சு இளைக்க ஆரம்பித்ததும் வெளிவேலைக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகுதான், தான் தினமும் கழுவிவிட்ட தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்தாள். மருந்தில் சேர்க்கும் வெள்ளிப்பொடி மினுங்க அது சரிவில் இறங்கி, ஓடையில் சேர்ந்து, அவள் ஊர்க் கண்மாய்க்குப் போனது. அந்த ஆண்டு அவளுடைய ஆடுகளில் இரண்டு கண்மாய்க் கரையிலேயே செத்துக் கிடந்தன.

ஆபீஸ் முன்னால் பூச்செடி வைக்கச் சொன்னார் முதலாளி சரவணக்குமார். வைத்தாள். பதிலுக்கு, அந்தத் தண்ணீரை வடிகட்ட வெட்டிவேர் நடவேண்டும் என்று ஓடைச் சரிவைக் கேட்டாள். "புல்லுதானக்கா, வச்சுக்கோங்க" என்றார்.

நாற்றைக் கொண்டுவந்தவள் பாண்டிச்செல்வி. புருஷன் ஊர்த் தோட்டத்திலிருந்து சாக்கில் கட்டி, இரண்டு பஸ் மாறி வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காளும் தங்கையுமாகச் சரிவுக்குக் குறுக்கே மூன்று வரிசை நட்டார்கள். நான்கு வருஷத்தில் தூர்கள் ஒன்றையொன்று நெருக்கிச் சுவர்போல நின்றன. வெள்ளிப்பொடி முதல் வரிசையிலேயே தங்கியது. மூன்றாவது வரிசைக்குக் கீழே தண்ணீர் தெளிந்து வந்தது.

போன பொங்கலுக்குப் பாண்டிச்செல்வி கேட்டாள். "ஒரு பிடி வேர் குடுக்கா. எண்ணெய்ல போட்டுத் தலைக்குத் தேய்க்கணும். மருந்து வாடை போகவே மாட்டேங்குது."

"வேரை எடுத்தா கரை விட்டுரும். போடி."

"கூடப் பிறந்தவளுக்கு ஒரு பிடி இல்ல. கம்பெனி கழுவுன தண்ணிக்கு அம்புட்டையும் குடுக்கிறா. ஏ புல்லுக்காரி, காய்ச்சல்ல படுத்தா அந்தப் புல்லையே கூப்பிட்டுக் கஞ்சி காய்ச்சச் சொல்லு." சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

"தோண்டுனதெல்லாம் எங்கேக்கா?" செல்வலட்சுமி மண்ணைப் பார்த்தபடியே குருவம்மாளிடம் கேட்டாள்.

"டிராக்டர்ல ஏத்திச் செங்கச் சூளைக்கு விட்டாச்சு. நேத்து எரிச்சானாம். ஊரே மணந்துச்சுன்னு சூளைக்காரன் சொல்றான்." குருவம்மாள் குரலைத் தணித்தாள். "ஒனக்கு ஒரு நாள்கூட ஆப்சென்ட் விழலடி. மாத்தி மாத்தி ஒன் வேலையப் பாத்தோம். தங்கச்சியப் பறிகொடுத்துட்டு வாரவ, வந்ததும் புல்லு வெட்டிட்டு இருப்பியான்னுதான்..."

தூக்கிவிடக் கை நீட்டினாள். உள்ளங்கையில் மம்பட்டிக் கொப்புளங்கள் உடைந்து சிவந்திருந்தன.

செல்வலட்சுமி அந்தக் கையைப் பிடித்து எழுந்தாள். "நல்லதுக்கா" என்றாள். கிளறியதில் கிடைத்த வேர்நுனிகள் ஒரு பிடி இருக்கும். முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் எட்டு மணிக்கு வேலைக்கு வந்தாள். ஆபீஸ் முன்னால் செடிகளுக்குத் தண்ணீர் விட்டாள். பதினோரு மணிக்கு அதிகாரிகள் வந்து தரையைப் பார்த்தார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். மூன்று மணிக்கு இடி இடித்தது. இடி இடித்தால் அறைகளில் ஆள் இருக்கக் கூடாது என்பதால் எல்லாரையும் வெளியே அனுப்பினார்கள். அரை மணி நேரம் மழை பெய்தது. தண்ணீர் சரிவில் நேராக இறங்கியது. ஓடை வெள்ளி நிறத்தில் கண்மாய்ப் பக்கம் ஓடியது. நாலரை மணி பஸ்ஸில் ஊருக்குப் போனாள். ஆடுகளைக் கண்மாய்க்கு விடாமல் கட்டிப்போட்டாள்.