டாப்பெட் சத்தம்

தில்லி ஜனக்புரியில் எங்கள் அடுக்ககத்தின் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்த மோட்டார் சைக்கிள் மலைக்காகச் செய்யப்பட்டது. தார்ச்சாலையிலும் மண்பாதையிலும் ஒன்றுபோல ஓடும் என்று சொல்லி விற்ற வகை. அந்த வகையில் அன்றைக்கு அதுதான் மலிவு. முன்சக்கரம் பெரியது. மட்கார்டு சக்கரத்திலிருந்து ஒரு சாண் மேலே விலகி, கொக்கின் அலகு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். சீட் உயரம் என்பதால் என் மனைவி படிக்கட்டின் முதல் படியில் நின்றுதான் பின்னால் ஏறுவாள். வாங்கும்போது ஹிமாச்சலின் ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்குப் போவதென்று முடிவு செய்திருந்தோம். ஒரு வருடம் லீவு கிடைக்கவில்லை. ஒரு வருடம் மகனின் பரீட்சை. பிறகு கொரோனா. பிறகு மனைவியின் இடுப்பு வலி. அந்த வண்டி பார்த்த மோசமான மண்பாதை நஜஃப்கர் வாய்க்கால் கரை. ஏறிய உயரமான மலை விகாஸ்புரி மேம்பாலம்.

ஆனாலும் நாளைக் காலை கிளம்பப் போகிறவன் வண்டியை வைத்திருப்பதுபோலத்தான் அதை வைத்திருந்தேன். ஞாயிறு காலையில் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, ஸ்பேனர்களை அளவு வரிசையில் அடுக்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். தில்லியில் மண்ணெண்ணெய் கிடைப்பதில்லை என்பதால் செயினை டீசலில் கழுவினேன். தீபாவளிக்குப் பிறகு ஏர் ஃபில்டரைக் கழற்றினால் அடுப்புக்கரி போல இருக்கும். அதைக் கழுவி நிழலில் உலர்த்தி, எண்ணெய் தடவிப் பிழிந்து மாட்டுவேன். குளிர்காலத்துக்கு ஒரு மாதிரியும் வெயில்காலத்துக்கு ஒரு மாதிரியும் கார்புரேட்டரின் திருகை அரைச் சுற்று, கால் சுற்று என்று மாற்றிவைப்பேன். எல்லாம் ஓடாத மலைப்பாதைக்காக.

வண்டிக்குப் பதினைந்து வயது நெருங்கியது. அந்த வயதுக்கு மேல் பெட்ரோல் வண்டி தில்லிச் சாலையில் ஓடக் கூடாது. ஒன்று வேறு மாநிலத்துக்கு அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் உடைக்கக் கொடுக்க வேண்டும். என்னோடு ஆபீஸில் வேலை பார்த்து முன்னதாகவே ஓய்வு பெற்ற ஒருவர் ஹிமாச்சலில் ஆப்பிள் தோட்டம் வைத்திருக்கிறார். வீட்டிலிருந்து தோட்டத்துக்குச் செங்குத்தான மண்பாதை. வண்டியை எடுத்துக்கொள்கிறீர்களா என்று போனில் கேட்டேன். ஒரே கேள்விதான் கேட்டார், இந்தியில். "பாயி சாப், மேலே ஏறுமா? அதை மட்டும் சொல்லுங்க. நின்னுடுச்சுன்னா தள்ளிக்கிட்டு ஏற என் முழங்கால்ல தெம்பில்லை."

ஏறும் என்றேன். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அது ஏற வேண்டிய இடத்தில், எங்களை ஏற்றாமலாவது, ஒரு முறை ஏறிவிட வேண்டும். இல்லாவிட்டால் அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் எதற்காக என்று எனக்கே சொல்லத் தெரியாது.

ஞாயிறுகளில் குர்காவ்னிலிருந்து சாப்பிட வரும் மகன் படிக்கட்டில் நின்று பார்த்தான். அவன் இங்கேயே பிறந்து வளர்ந்தவன்.

"அச்சா பா, ஒண்ணு சொல்லு. காகிதத்துல செத்துப்போன பாடிக்கு எதுக்கு ஆயில் சேஞ்ச்?"

"சாகறதுக்கு இன்னும் நாள் இருக்குடா."

"வெண்டிலேட்டர்ல இருக்குன்னு சொல்லு. ஜல்தி முடி, பசிக்குது."

அந்த இஞ்சினில் டாப்பெட் சத்தம் உண்டு. வால்வின் முனைக்கும் அதை அழுத்தும் இரும்புக் கைக்கும் நடுவே முடி பருமனுக்கு இடைவெளி விட்டாக வேண்டும். அந்த இடைவெளியில்தான் அது டிக் டிக் என்று தட்டும். மாடி வீட்டுப் பஞ்சாபி அம்மாள் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, "உங்க பைக்குக்குக் குளிருதா பாயி சாப்? பல்லு அடிச்சுக்குதே!" என்று கேட்பார். எனக்கும் அந்தச் சத்தம் ஆகாது. ஒழுங்காகப் பராமரித்த இயந்திரம் சத்தம் போடக் கூடாது என்பது என் எண்ணம். அதனால் ஒவ்வொரு முறையும் இடைவெளியை அனுமதித்த அளவின் கீழ் எல்லைக்கே வைத்தேன். அப்படியும் லேசாகக் கேட்டது. போன குளிர்காலத்தில் எல்லைக்கும் சற்றுக் கீழே இறக்கினேன். இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு நுழைய மறுத்தது. டிக் டிக் நின்று, இஞ்சின் எண்ணெய் போட்ட தையல் மெஷின் போல ஓடியது. மாடி அம்மாளே இறங்கி வந்து, "புதுசு வாங்கிட்டீங்களா?" என்று கேட்டார். அன்று எனக்கு நல்ல பெருமை.

மலைக்கு அனுப்புமுன் ஏற்றத்தில் சோதிக்க வேண்டும். தில்லி தட்டையான ஊர். சாணக்யபுரியைத் தாண்டி ரிட்ஜ் காட்டுக்குள் போகும் சாலையில் கொஞ்சம் ஏற்றம் உண்டு. சுமைக்கு மனைவியை ஏற்றிக்கொண்டேன். வீட்டில் முதல் உதையிலேயே கிளம்பிய வண்டி, தௌலா குவான் நெரிசலில் சூடேறியதும் சிக்னலுக்குச் சிக்னல் அணைந்தது. ரிட்ஜ் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் திணறியது. இரண்டாவதுக்கு இறக்கினேன். முதலாவதுக்கு இறக்கினேன். ஒரு சைக்கிள்காரர் எங்களைக் கடந்து போனார்.

"ஏனுங்க," என்றாள் மனைவி முதுகுக்குப் பின்னாலிருந்து. எங்கள் வீட்டில் பேசுவது கோயம்புத்தூர்த் தமிழ். "நானு எறங்கி நடந்துக்கறேன். அதையாச்சும் பத்தரமா மேல கூட்டிட்டுப் போங்க."

"கார்புரேட்டர்தான். ஜெட்டுல தூசி அடைச்சிருக்கும்."

"தூசியா? நீங்க தொடைக்கற தொடைப்புக்கு அதுல பெயிண்டே மிச்சமில்லீங்க."

அடுத்த வாரங்களில் கார்புரேட்டரைத் திரும்பத் திரும்பக் கழற்றினேன். ஜெட்டை மாற்றினேன். பிளக்கை மாற்றினேன். பெட்ரோல் குழாயை மாற்றினேன். ஒவ்வொன்றுக்குப் பிறகும் குளிர்ந்த இஞ்சின் நன்றாகக் கிளம்பியது, நானும் நம்பினேன். சூடானதும் பழையபடி திணறியது. பிறகு ஒரு ஞாயிறு, செயினைத் துடைக்க இடைஞ்சலாக இருந்த கிக்கரை, காலால் உதைத்துக் கிளப்பும் கம்பியை, கையால் கீழே தள்ளினேன். தள்ள முடிந்தது. அதுதான் அதிர்ச்சி. நல்ல இஞ்சினின் கிக்கர் கைக்கு இணங்காது. உள்ளே காற்று அழுந்தி எதிர்த்து நிற்கும். அது தண்ணீர் பம்பின் கைப்பிடி மாதிரி மெதுவாக இறங்கியது.

டாப்பெட் மூடியைத் திறந்து, இடைவெளியைப் புத்தகத்தில் சொன்ன அளவுக்குத் திரும்ப வைத்தேன். டிக் டிக் திரும்பியது, எதிர்ப்பு திரும்பவில்லை. பிளக் துவாரத்தில் ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றி மறுபடி தள்ளிப் பார்த்தேன். பிஸ்டன் வளையம் தேய்ந்திருந்தால் அந்த ஆயில் ஓட்டையை அடைத்துக் கொஞ்சம் எதிர்ப்பைக் கொடுக்கும். கொடுக்கவில்லை. அப்படியானால் வால்வு. இடைவெளி இல்லாமல் வைத்ததால், சூட்டில் நீண்ட வால்வு முழுதாக மூடவில்லை. மூடினால்தான் அதன் சூடு இறங்கும். மூடாமல் பழுக்கக் காய்ந்து, விளிம்பு கருகிவிட்டது. தட்டிக்கொண்டிருந்தவரை அது நலமாகத்தான் இருந்தது. சத்தத்தை நிறுத்தியது நான்.

கரோல்பாக்கில் உதிரிபாகக் கடைக்காரரிடம் வால்வும் அது உட்காரும் ஹெட்டும் கேட்டேன். வண்டியின் பெயரைச் சொன்னதும் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு, "இங்க பாரு, ஒருத்தர் இன்னும் அதை வெச்சிருக்காரு!" என்றார். கம்பெனி எப்போதோ நிறுத்திய மாடல். வேறு வண்டியின் வால்வைக் கடைந்து பொருத்தலாம், ஆனால் லேத் பட்டறையில் எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்றார். அதற்குள் பதிவு முடிந்துவிடும். ஆப்பிள் தோட்டத்து நண்பரும் அறுவடைக்கு முன்னால் வண்டி வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

மனைவி ஒரு வழி சொன்னாள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

"லாரில ஏத்தி அனுப்பிப் போடுங்க. அங்க எறக்கறப்ப ஆறித்தான கெடக்கும்? மொத ஒதைல கெளம்பும். அவரு ஒரு ரவுண்டு போயிப் பாத்துட்டு சரின்னுருவாரு."

"அப்புறம்?"

"அப்புறம் அவரு பாடு. மலையில ரிப்பேருக்கு ஆளில்லாமயா போயிரும்? இங்க இருந்தா நசுக்கித்தான போடுவானுங்க."

நானும் அதை நினைத்திருந்தேன். ஆறிய இஞ்சின் கொஞ்ச தூரம் போகும் என்பது உண்மை. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் பாதி ஏற்றத்தில், ஒரு பக்கம் பள்ளமான பாதையில், முழங்கால் போன அந்த மனிதர் வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் கண்ணில் வந்தது. போன் செய்தேன்.

"ஏறாது," என்றேன்.

"அன்னிக்கு ஏறும்னீங்களே?"

"அன்னிக்கு எனக்குத் தெரியாது. வால்வு போச்சு."

"நீங்க பாத்துக்கிட்ட வண்டியா? ஆபீஸ்ல பென்சிலைக்கூட ஒரே நீளத்துக்குச் சீவி வைப்பீங்களே." நல்ல மனிதர், சிரித்தபடிதான் சொன்னார். கோவேறு கழுதை ஒன்று விலைக்கு வருவதாகவும், அதற்குக் காகிதம் எதுவும் வேண்டாம் என்றும் சொல்லி, என் உடம்பை விசாரித்துவிட்டுப் போனை வைத்தார்.

பழைய வண்டிகளை உடைக்கும் கூடத்திலிருந்து ஆட்கள் ஒரு வேலைநாளில் வந்தார்கள். நான் முந்தின தினமே பெட்ரோலையும் ஆயிலையும் வடித்து, பேட்டரியைக் கழற்றி வைத்திருந்தேன். வண்டியைத் துடைத்தும் வைத்திருந்தேன். ஏன் என்று தெரியவில்லை. அவர்களில் மூத்தவர் சுற்றிவந்து பார்த்து, "இது ஓடற வண்டி மாதிரியில்ல இருக்கு," என்றார். பதிவை ரத்து செய்யக் காட்டுவதற்கு, சேஸிஸ் எண் பொறித்த துண்டை அறுத்துத் தருவதாகச் சொன்னார்கள். இரண்டு பேர் ஹேண்டிலையும் பின்கம்பியையும் பிடித்து, பலகை வைத்து டெம்போவில் தள்ளி ஏற்றினார்கள். கயிறு மட்கார்டில் உராய்ந்தது. கீழே ஒரு துணி வைத்துக் கட்டச் சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். அன்று சாயங்காலமே அந்த இடத்தில் மாடி வீட்டு மருமகனின் கார் வந்து நின்றது.

அடுத்த ஞாயிறு வழக்கமான நேரத்துக்கு எழுந்தேன். மகன் வந்து சாப்பிட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டே கேட்டான்.

"இனிமே சண்டே என்ன பண்ணுவே பா?"

"அம்மாவோட ஸ்கூட்டர் பிரேக்குல ஒரு கிறீச் சத்தம் வருது. அதைப் பாக்கலாம்னு."

அது மின்சார ஸ்கூட்டர். மனைவி சமையலறையிலிருந்து கையில் கரண்டியோடு வெளியே வந்தாள்.

"என்ற வண்டி மேல கை வெச்சீங்கன்னா நடக்கறதே வேற, சொல்லிப்போட்டேன். அது சத்தம் போட்டுட்டே ஓடட்டும்."

மகன் சிரித்தான். நான் சிரிக்க முயன்றேன். அவள் ஸ்கூட்டர் சாவியை ஆணியிலிருந்து எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டு, ஜிப்பை மூடினாள்.